கேமை மூடும்போது சர்வரையாவது கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்

ஆன்லைனில் கூட்டமாகச் சேர்ந்து ஆடும் கேம்களைச் செய்து விற்பவர்களுக்கு,

வணக்கம். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆட முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவன் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவருடைய கேம், இரண்டு வருடமாக என் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம்) கம்ப்யூட்டரில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு அப்டேட். அன்றைக்கும் மெனு வந்தது, பாட்டு வந்தது, நண்பர்கள் மூன்று பேர் லாபியில் காத்திருந்தார்கள். நான் 'ரெடி' அழுத்தியதும் 'நம்பகமற்ற சிஸ்டம்' என்று ஒரு பெட்டி வந்து என்னை வெளியே தள்ளிவிட்டது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நாலு நாள் கழித்து, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள் என்று பதில். என்னிடம் விண்டோஸே கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன், அதை யாரும் படிக்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

அந்த 'நம்பகமற்ற' என்ற சொல்தான் இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் அதே மூன்று பேரும் ஃபாக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கேமை ஆடுவது என் வீட்டு அலமாரி மேல் இருக்கும் சர்வரில்தான். சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஸ்கிரீன் உடைந்த பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், அதில் டெபியன் என்ற லினக்ஸ். முதல் நாள் எல்லாம் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் அதன் மூடியைச் சாத்திவிட்டு வந்தேன், அது உடனே தூங்கிப்போக, நாலு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டத்திலிருந்து தெறித்து விழுந்தோம். மூடினாலும் தூங்காதே என்று சொல்ல லாகின்டி என்ற லினக்ஸ் பாகத்தின் கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி போதும், அது தெரிய எனக்கு ஒரு ராத்திரி ஆனது. அப்புறம் பேட்டரி உப்ப ஆரம்பித்தது. கழற்றி எடுத்துவிட்டேன், அதனால் இப்போது கரண்ட் போனால் சர்வரும் சேர்ந்து போய்விடும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சேவ் ஃபைல் தானாக இன்னொரு டிஸ்க்குக்குப் போகும்படி கிரானில் (நேரம் வைத்து வேலை செய்யும் லினக்ஸ் கருவி) போட்டு வைத்திருக்கிறேன்.

நண்பர்கள் வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் 34197 யுடிபி போர்ட் என்ற வாசலைத் திறந்தால் போதும் என்று படித்துவிட்டுத் திறந்தேன், யாராலும் உள்ளே வர முடியவில்லை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 என்று தொடங்குவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, என் பொது ஐபியை (இணையத்தில் என் முகவரியை) இன்னும் எத்தனையோ வீடுகளோடு பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள், நான் இந்தப் பக்கம் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் அந்தப் பக்கம் மூடித்தான் இருக்கும். கடைசியில் வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தேன். இவ்வளவையும் செய்தது பொழுதுபோக்குக்காகத்தான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இதெல்லாம் நடந்ததற்கு ஒரே காரணம், அந்த கேமைச் செய்தவர்கள் லினக்ஸில் ஓடும் சர்வரை இலவசமாகக் கையில் கொடுத்ததுதான்.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. விண்டோஸில் உங்கள் ஆன்ட்டி-சீட் (ஏமாற்றி ஆடும் சீட்டர்களைப் பிடிக்கும் மென்பொருள்), சிஸ்டத்தின் மையமான கர்னலுக்குள் உட்கார்ந்து காவல் காக்கிறது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஓடும்போது அதற்கு அந்த இடம் கிடையாது, போதாததற்கு லினக்ஸில் யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு கர்னலைக் கம்பைல் செய்துகொள்ளலாம். சீட்டர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மைதான். 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் லினக்ஸை வெளியேற்றியபோது சொன்ன காரணமும் இதுதான். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? விண்டோஸில் சீட்டிங் ஒழிந்துவிட்டதா என்ன? பிசிஐ ஸ்லாட்டில் ஒரு கார்டைச் செருகி, கேமின் மெமரியைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து படிக்கிறார்கள், உங்கள் கர்னல் காவல்காரனே அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

கர்னலுக்குள் யாரை விடுகிறோம் என்று நாங்கள் யோசிப்பதிலும் தப்பில்லை. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. அதுவும் இப்படிக் கர்னலுக்குள் உட்கார்ந்திருந்த ஒன்றுதான்.

கர்னலுக்குள் நுழையாமலே தடுக்கக்கூடியதும் உண்டு. சுவருக்குப் பின்னால் எதிரி நிற்பதை ஒரு சீட்டர் பார்க்கிறான் என்றால், அந்த எதிரி நிற்கும் இடத்தை உங்கள் சர்வர் அவனுக்கு அனுப்பி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அனுப்பாவிட்டால் திருட எதுவும் இல்லை. தானாகவே குறி பார்த்துச் சுடும் புரோகிராமை இப்படித் தடுக்க முடியாதுதான், அது வேறு தலைவலி, ஒப்புக்கொள்கிறேன்.

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-இல் தொடங்கியது. அதன் மேல், ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் கட்டிய புரோட்டான் 2018-இல் வந்தது. விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ் பேசும் கேமை, லினக்ஸில் ஓடும் வல்கனுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் அந்த வேலையில் எந்தெந்த ஊர் ஆட்களோ இலவசமாகச் செய்ததும் உண்டு. நீங்கள் லினக்ஸுக்கென்று ஒரு வரி கோட் எழுதாமலே உங்கள் கேம் இங்கே ஓடுகிறது. பல கேம்கள் பயன்படுத்தும் ஆன்ட்டி-சீட்களான ஈஸி ஆன்ட்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன, ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். உங்களில் பலர் இன்னும் சொல்லவில்லை.

தரவரிசைக்கான ரேங்க் ஆட்டத்தில் எங்களைச் சேர்க்க பயமா? சேர்க்க வேண்டாம். நாலு நண்பர்கள் தங்களுக்குள் ஆட ஒரு தனி அறை கொடுங்கள். அங்கே நான் சீட் செய்தால் யாருக்கு நஷ்டம்? மிஞ்சிப்போனால் நண்பர்கள் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்கள், அந்த ஆன்ட்டி-சீட் நன்றாகவே வேலை செய்யும். முன்பெல்லாம் சர்வர் வைத்திருப்பவரே சந்தேகம் வந்தால் ஆளைத் தூக்கி வெளியே போடுவார். அவர் தூங்கும் நேரத்தில் கொள்ளைதான், அதையும் மறைக்கவில்லை.

அடுத்தது, கடையை மூடுவது. த க்ரூ என்ற கார் பந்தய கேம் 2014-இல் வந்தது, 2024 மார்ச் 31-உடன் சர்வரை நிறுத்தினார்கள், தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அதில் தொடங்கிய, விற்ற கேம்களை ஆட முடியாமல் ஆக்காதீர்கள் என்று கேட்கும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025-இல் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. நாக்அவுட் சிட்டி என்ற பந்தெறியும் கேமைச் செய்தவர்களோ 2023-இல் மூடியபோது சொந்தமாகச் சர்வர் வைத்து ஆடும் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களால் முடிந்திருக்கிறது. சர்வருக்குள் அடுத்தவரிடம் லைசென்ஸ் வாங்கிய பாகங்கள் இருக்கின்றன, அப்படியே தர முடியாது என்பீர்கள். நியாயம்தான், அதனால்தான் மூடுகிற மாதத்தில் யோசிக்காமல், கேமைச் செய்யத் தொடங்கும்போதே யோசித்து வையுங்கள் என்கிறேன். விளக்கக் குறிப்பு வேண்டாம், உதவிப் பிரிவு வேண்டாம், அதன் லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டோமே. உங்களில் பலர் சர்வர் ஓட்டுவதே லினக்ஸில்தான், அந்த பைனரியை (ஓடத் தயாரான புரோகிராம் ஃபைலை) அப்படியே போட்டுவிட்டுப் போங்கள். ஓடாமல் கிராஷ் ஆனால் லாகைப் பார்த்து நாங்களே மல்லாடிக்கொள்கிறோம்.

உங்கள் கேமை நான் இன்னும் அழிக்கவில்லை. டிஸ்கில் 94 ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அப்டேட் வரும்போதெல்லாம் இறக்கிக்கொள்கிறேன், சனிக்கிழமை ராத்திரி ஒருமுறை திறந்து 'ரெடி' அழுத்திப் பார்க்கிறேன். நேற்றும் அதே பெட்டிதான் வந்தது.

இப்படிக்கு,
அலமாரி மேல் சர்வர் வைத்திருப்பவன்