ப்ரோக்கோலி லிஸ்ட் இருக்கட்டும், பொரியல் யார் தட்டுல விழுதுன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பெண்கள் இணைப்புல, பெண்கள் ஆரோக்கியத்துக்கு எந்தெந்த காய் சாப்பிடணும்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. ப்ரோக்கோலி, ஜுக்கினி, அஸ்பாரகஸ், சிவப்பு குடமிளகாய், கடைசியில போனாப் போகுதுன்னு ஒரு ஓரத்துல கேரட்டும் பீட்ரூட்டும். படமெல்லாம் பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துல கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. எங்க ஊரு காய்கறி மார்க்கெட் எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியும், இங்கிருந்துதான் கேரளாவுக்கு லாரி லாரியா காய் போகுது, அந்த மார்க்கெட்லயே உங்க லிஸ்ட்ல உள்ளதுல பாதியைத் தேடிப் பிடிக்கணும். அதைப் படிச்சுட்டு எங்க தெருவுல ஒரு பொண்ணு "ஏக்கா, ப்ரோக்கோலி தின்னாத்தான் ரத்தம் ஊறுமா"ன்னு கேட்டுச்சு. அதான் இந்த லெட்டர்.

முதல்ல ரத்த விஷயம். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15லருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்கள்ல 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதுக்கு முந்தின சர்வேல 55. நடுவுல எத்தனை கேம்ப், எத்தனை போஸ்டர், எத்தனை மாத்திரை, ஆனா குறைஞ்சது அவ்வளவுதான். ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல போட்ட கணக்குப்படி ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும், ஆம்பளைக்கு 19 போதும். மாசாமாசம் ரத்தம் போறவளுக்குத்தானே கூட வேணும். ஆனா வீட்ல சாப்பாடு பங்கு போடுறது நேர் எதிரா இருக்குங்க, அதுக்கு அப்புறமா வரேன்.

பீட்ரூட் சிவப்பா இருக்கு, அதனால ரத்தம் ஊறும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. 100 கிராம் பீட்ரூட்ல இரும்பு ஒரு மில்லிகிராம் கூட தேறாது. சாப்பிடாதீங்கன்னு சொல்லல, அதுல ஃபோலேட்ங்கிற பி வைட்டமின் நல்லா இருக்கு, கர்ப்பமாகப் போற பொண்ணுங்களுக்கு அது ரொம்ப முக்கியம், ஆனா ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கி 8ல நிக்கிற பொண்ணுக்கு தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் குடுத்துட்டு எல்லாம் சரியாயிரும்னு உக்காந்திருக்கக் கூடாது. அதே 100 கிராம் முளைக்கீரை, தண்டுக்கீரைல 3லருந்து 5 மில்லிகிராம் வரைக்கும் கிடைக்கும். முருங்கைக்கீரைல கால்சியமே 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அகத்தி அதையும் தாண்டும். நாப்பது வயசுக்கு மேல முட்டி வலி இடுப்பு வலின்னு வர்றவங்க கால்சியம் மாத்திரை டப்பாவைத்தான் தேடுறாங்க, கொல்லைல நிக்கிற முருங்கையை ஒருத்தரும் பார்க்கிறதில்ல. எங்க பக்கம், அரவக்குறிச்சி பக்கமெல்லாம் முருங்கைதான் விவசாயமே, காய் லோடு ஏறிப் போயிருது, கீரையை ஆடு தின்னுது. ஆடுங்க நல்லாத்தான் இருக்கு!

பாலக் கீரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. கால்சியத்துக்குன்னு பாலக்கை நம்பாதீங்க, அதுல இருக்குற ஆக்சலேட்ங்கிற பொருள் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல அவ்வளவா சேர விடாது. கிட்னில கல்லு வந்தவங்க அதைக் கொஞ்சம் குறைச்சுக்கிறதும் நல்லது.

எந்த காயை எதோட சாப்பிடுறோம்ங்கிறதுதான் பெரிய விஷயம், அதை உங்க பக்கத்துல ஒரு வரி கூட காணோம். கீரைல இருக்குற இரும்பு லேசுல உடம்புல ஒட்டாது, கூட வைட்டமின் சி இருந்தா நல்லா ஒட்டும். கீரையை இறக்குனதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டாப் போதும், இல்லன்னா பக்கத்துல ஒரு நெல்லிக்காய். ஏகாதசி விரதம் இருக்குறவங்க மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூணையும் சேர்த்து சாப்பிடுவாங்க பாருங்க, பட்டினி கிடந்த உடம்புக்கு இதைவிட நல்ல சேர்மானத்தை எந்த டயட்டீசியனும் எழுதிக் குடுத்துற முடியாது.

அப்புறம் இந்த டீ. மத்தியானம் சோறு தின்ன கையோட ஒரு டீ போட்டுக் குடிக்கிறது எங்க பக்கம் எல்லா வீட்லயும் உண்டு. டீல இருக்குற துவர்ப்பு, இரும்பு உடம்புல சேர்றதை நல்லாவே குறைச்சுரும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பின்னாடி ஒரு மணி நேரம் டீ காபி வேணாம்னு அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல போட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு. டீயை விடுங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, நானும் விடல, நாலு மணிக்கு குடிங்கன்னு சொன்னா கேக்குறாங்க.

கீரையை நறுக்கிட்டு கழுவுறது, வேக வச்ச தண்ணியைக் கொட்டுறது, இதெல்லாம் சத்தை சாக்கடைல விடுற வேலை. தைராய்டு இருந்தா முட்டைக்கோஸ் காலிஃப்ளவர் தொடவே கூடாதுன்னு வாட்ஸப்ல ஒண்ணு சுத்துது, வேக வச்சு அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க, அந்த பயத்துல இருக்குற ரெண்டு மூணு காயையும் ஒதுக்கிட்டு வெறும் ரசமும் அப்பளமுமா சாப்பிட்ட பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன்.

இப்ப பங்கு விஷயத்துக்கு வரேன். வீடு வீடா போற வேலைல அடுப்படி வரைக்கும் போயிருவோம். காலைல ரெண்டு கட்டு அரைக்கீரையை ஆய்ஞ்சு, நறுக்கி, தேங்காய் போட்டு பொரியல் பண்ணினது அந்த பொண்ணுதான். வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ்ல ஒரு பங்கு, பிள்ளைங்களுக்கு, மாமனார் மாமியாருக்கு, ரெண்டு மணிக்கு அவ தட்டைப் போட்டு உக்காரும்போது சட்டியில ரெண்டு விரல்ல எடுக்குற அளவுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுலயே சோத்தைப் போட்டு துடைச்சு சாப்பிடுவா. "உனக்கு எங்கம்மா கீரை"ன்னு கேட்டா "இதுல இருக்குதே அக்கா"ன்னு சிரிப்பா. அவளுக்கு ஹீமோகுளோபின் 9. அவகிட்ட போய் நல்ல காயா பார்த்து சாப்பிடுன்னு சொல்றதுல என்னங்க அர்த்தம், காயை மார்க்கெட்ல பேரம் பேசி பார்த்து வாங்குனதே அவதானே. அதனால கர்ப்பிணி வீட்டுக்குப் போனா மாமியாரையும் வீட்டுக்காரரையும் உக்கார வச்சுத்தான் பேசுவேன், பொரியலை இறக்குனதும் முதல்ல அவ பங்கை ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வைங்க, அப்புறம் மத்தவங்களுக்குப் போடுங்கன்னு. சில மாமியாருங்க மூஞ்சியத் தூக்குவாங்க. சிலர் அன்னைக்கே கிண்ணத்தை எடுத்து வச்சாங்க.

இன்னொண்ணும் உங்க பக்கத்துல விட்டுப் போச்சு. காயும் கீரையும் மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துராது. ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கிட்டா மாத்திரை போட்டே ஆகணும், மலம் கருப்பா போகுது குமட்டுதுன்னு பாதில நிறுத்தக் கூடாது, இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்துல முழுங்கக் கூடாது, பால் டீயோடவும் வேணாம். பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நாள் குடுக்குற நீல கலர் இரும்பு மாத்திரையை பொண்ணுங்க ஜன்னல் வழியா தூக்கிப் போடுறது ஊருக்கே தெரியும், அம்மாமாருங்க கொஞ்சம் கேட்டுக்கங்க. மாதவிடாய்ல ரத்தம் அதிகமா போனா எத்தனை கீரை தின்னும் நிக்காது, டாக்டரைப் பாருங்க.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை காய்கறி பக்கம் போட்டா அந்த மாசம் உழவர் சந்தைல என்ன கீரை வருது, கட்டு என்ன விலைன்னு பார்த்துட்டுப் போடுங்க. அதையும் பெண்கள் இணைப்புல போடாதீங்க. கிரிக்கெட் ஸ்கோர் போடுற பக்கத்துல போடுங்க, எங்க ஊர் ஆம்பளைங்க பேப்பரை எடுத்தா முதல்ல அதைத்தான் பிரிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஒட்டன்சத்திரம்.