அந்தக் குசினியில் ஆச்சி இருக்கட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நம் ஊரை வைத்து நீ செய்யும் சுடும் கேமை விளையாடிப் பார்த்த பெடியள் எல்லாரும் போன பிறகு, அதை வெளியிடுவது பற்றி இரண்டு நிறுவனங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து காட்டினாய். வாசித்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்ல வரவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஐந்து நாளாக அதே யோசனை. உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். இங்கே கேம் செய்யப் பழகும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் இப்படி மின்னஞ்சல் வரும்.

நிறுவனங்களின் பெயர் வேண்டாம். முதலாவது நிறுவனம் மரியாதையாக எழுதியிருந்தது. துப்பாக்கி கையில் இருக்கும் உணர்வு நன்றாக வந்திருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஆனால் வீடுகளுக்குள் இருக்கும் பொதுமக்களை எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவது நிறுவனம் ஊரையே மாற்றச் சொன்னது. பெயரில்லாத ஒரு பாலைவன நாடு, முதல் ஐந்து நிமிடத்துக்குள் சண்டை, அப்படியென்றால் மேற்கொண்டு பேசலாமாம். "செய்தால் என்ன மாமா, மேப் அப்படியே இருக்கும், ஆக்களை மட்டும் எடுக்கிறதுதானே" என்று நீ கேட்டாய். மேப் என்றால் கேமில் சண்டை நடக்கும் இடம்.

எடுக்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் விளையாடியவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இணுவில் பெடியன் ஒழுங்கையால் ஓடி வந்து வீட்டுக்குள் நுழைந்தான். குசினியில் ஆச்சி அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறா. விரல் விசையில்தான் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. "அண்ணா, இவ ஆர்? சுடலாமா?" என்று உன்னைக் கேட்டான். நீ பதில் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தில் கிணற்றடிப் பக்கமிருந்து வந்த சூட்டில் செத்துப்போனான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து "இது அநியாயம், அவ நிண்டபடியாத்தான் செத்தனான்" என்றான். கோபம் உண்மையான கோபம்.

பிறகு இன்னொரு தரம் விளையாடக் கேட்டான். இரண்டாம் முறை அவன் அந்த வீட்டுக்கே போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று இரண்டு தரம் சுட்டு, எதிரிகளைத் தன் பக்கம் திருப்பி, பனங்காணிக்குள் இழுத்துக்கொண்டு போனான். சண்டையை வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோ என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதற்குப் புள்ளியும் கிடையாது. குசினியில் ஒரு ஆச்சி இருக்கிறா என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். சுடும் கேம்களை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு விளையாட்டுக்காரன் தன்பாட்டில் இப்படிச் செய்ததை நான் கண்டதில்லை. ஆச்சியை எடுத்துவிட்டால் அந்தப் பெடியனுக்கு அந்த இரண்டாவது ஆட்டம் இல்லை.

பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்ப் பப்ஜி விளையாடிய பெடியனைப் பற்றிக் கவலைப்படாதே. அவனுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது. ஆனால் கடைசியாக விளையாடிய பிள்ளை கேட்டதைத் தட்டிக்கழிக்காதே. "ஆச்சி ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?" என்று கேட்டாள் அல்லவா? அவள் சொன்னது சரி. இப்போது ஆச்சி அங்கே ஒரு அலுமாரி மாதிரி இருக்கிறா. துவக்கோடு ஒருவன் குசினிக்குள் வந்தால் எங்கள் ஊர் ஆச்சிமார் சும்மா இருப்பார்களா? ஏசுவார்கள், கும்பிடுவார்கள், "பின்பக்கத்தாலை போ ராசா, இஞ்சை பிள்ளையள் இருக்கினம்" என்று கெஞ்சுவார்கள். அந்தக் குரலை நீ கேமுக்குள் கொண்டுவந்தால் அந்த நிறுவனம் எதைக் கண்டு பயந்ததோ அது இன்னும் கூடும். கூடட்டும்.

அவர்கள் பயப்படுவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமை வாங்கியவர், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் சண்டை வேண்டும் என்பது அந்த 2 மணி நேரத்தை நினைத்துச் சொன்னது. காசு போடுபவர்களின் கணக்கு அது.

பொதுமக்களைப் பற்றிய பயத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 2009 ஏப்ரலில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' என்ற கேமை அறிவித்தது. ஈராக்கின் ஃபலூஜா நகரத்தில் 2004 நவம்பரில் நடந்த சண்டையை அமெரிக்க மரைன் படையினரின் கண்ணால் பார்க்கும் கேம். சண்டை முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது, அதே மாதத்திலேயே கொனாமி கைகழுவிவிட்டது. அது 2021-இல் வேறு நிறுவனத்தின் கையில் மறுபடி வெளியே வந்தது. திரும்பவும் எதிர்ப்பு. அமெரிக்காவின் முஸ்லிம் உரிமை அமைப்பொன்று ஸ்டீமையும் சோனியையும் மைக்ரோசாஃப்டையும் இதை விற்க வேண்டாம் என்று கேட்டது. 2023 ஜூனில், இன்னும் முழுமையாகாத நிலையிலேயே, ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. பதினான்கு வருடம். உனக்குக் கடிதம் எழுதியவர்களின் மனதில் இது இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் கேமில் நீ பார்க்க வேண்டியது வேறொன்று. அதில் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் கட்டடங்களின் உள்ளமைப்பு மாறும். நேற்று அறை இருந்த இடத்தில் இன்று படி இருக்கும். கதவுக்குப் பின்னால் என்ன என்று மனப்பாடம் செய்ய முடியாது. அந்தப் பயத்தைத்தான் விளையாடியவர்கள் பாராட்டினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்கவில்லை. உள்ளே நுழையும் சிப்பாய்க்கு எந்த வீடும் தெரியாத வீடுதான், அவனுடைய உண்மை அது. அந்த வீட்டில் இருப்பவளுக்கோ, கண்ணை மூடிக்கொண்டும் தீப்பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியும். எந்தக் கதவு கிறீச்சிடும், எந்த வேலியில் ஆள் நுழையப் பொட்டு இருக்கிறது, எந்த மதிலால் ஏறிப் பக்கத்து வளவுக்குள் குதிக்கலாம், எல்லாம் தெரியும். ஆயுதமில்லாத ஒரு ஈராக்கியத் தந்தையாகவும் விளையாடும் பகுதி வரும் என்று 2021-இல் சொன்னார்கள். 2023-இல் வந்ததில் இருந்தது நான்கு மரைன்கள் சேர்ந்து வீடு வீடாக நுழையும் ஆட்டம்.

உன் கேமில் வீடு மாறுவதில்லை. நீ அதைத் தெரிந்து செய்தாயா, நேரம் போதாமல் செய்தாயா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அப்படியே விடு. மூன்றாம் முறை விளையாடுபவனுக்கு அந்த விறாந்தை பழகிவிட வேண்டும்.

நீ பிறந்த வருடம், 2003-இல், நான் கொக்குவிலில் அந்த நெட் கஃபேயைத் தொடங்கினேன். சமாதான காலம். தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து, கொழும்பிலிருந்து கணினிகள் வரத் தொடங்கியிருந்தன. ஆறு மெஷின். பகலில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைக்க அம்மாமார் வருவார்கள், நான்கு மணிக்குப் பிறகு பெடியளின் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கேம். கடையில் நான் வைத்த ஒரே சட்டம்: ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் மட்டும். றோட்டால் ஆமி ரோந்து போகும், உள்ளேயிருந்து வெடிச்சத்தம் கேட்கக் கூடாது. ரோந்து தெரிந்தால் ஹெட்போனோடு இருக்கும் பெடியளும் தாங்களாகவே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடியபோது கடையும் மூடியது.

அந்தப் பெடியள் அதிகம் விளையாடிய மேப் டஸ்ட் 2. அதை நீயும் விளையாடியிருப்பாய். மணல் நிறச் சுவர், வளைவு வாசல், மரக்கதவு, பெட்டிகள். ஒரு ஊர் மாதிரி இருக்கும், ஆனால் யாரும் குடியிருக்கவில்லை. கொடியில் உடுப்பு இல்லை, அடுப்பில் புகை இல்லை. மணிக்கணக்காகப் பெடியளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: இங்கே இருந்த சனம் எங்கே போனது?

எனக்கு ஏன் அந்தக் கேள்வி வருகிறது என்று உன் அம்மாவுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30, எனக்குப் பதினெட்டு வயது. அன்றிரவு யாழ்ப்பாணம் முழுக்கச் சண்டைக்குத் தப்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. சைக்கிளை உருட்டக்கூட இடமில்லாத சனம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்பா மாட்டை அவிழ்த்துவிட்டார், உன் அம்மம்மா அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தா. அதற்கு முதல் நாள்வரை செல் (எறிகணை) விழுந்தாலும் ஊரில் ஆள் இருந்தது, பங்கருக்குள் இருந்தாவது யாரோ அரிசி களைந்தார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவு நிலைகள் இல்லை. சுவர் இருந்தது, அம்மி இருந்தது. துப்பாக்கிச் சண்டைக்கு இடைஞ்சலாக ஒருவரும் இல்லாத மேப் ஒன்றுக்குள் நான் நடந்திருக்கிறேன், மருமகன். அதை நீ உன் கையால் இன்னொரு தரம் செய்ய வேண்டாம்.

ஆக்களை எடுத்துவிடச் சொல்வது புதிதும் இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் பிறந்தது 'ஹாஃப்-லைஃப்' என்ற கேமிலிருந்து. 1998-இல் அது ஜெர்மனியில் விற்பனைக்குப் போனபோது எதிரிச் சிப்பாய்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்தார்கள், மனிதரைச் சுடுவதாக இருக்கக்கூடாதென்று. சுடுவது அப்படியே இருந்தது, சுடப்படுபவர் மட்டும் மாறிவிட்டார். அதே ஹாஃப்-லைஃபை, முதல் கேம் செய்பவர்களுக்கு இது அளவுக்கு மீறிய ஆசை என்று பல வெளியீட்டாளர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடைசியில் சியரா என்ற வெளியீட்டு நிறுவனம் எடுத்தது. 1997 முடிவில் வரவேண்டிய கேமை, சரியாக வரவில்லை என்று அதைச் செய்த வால்வ் நிறுவனம் ஒரு வருடம் பிடித்து மறுபடி செய்தது. அப்படிச் சந்தேகப்பட்ட கேமிலிருந்து வந்த ஒன்றைத்தான் ஆறு மெஷினில் நம் பெடியள் விளையாடினார்கள். மறுபக்கம், சோனி பெரிய நம்பிக்கையோடு 2024 ஓகஸ்ட் 23-இல் வெளியிட்ட 'கொன்கோர்ட்' என்ற சுடும் கேமை ஆட்கள் விளையாட வரவில்லை. செப்டெம்பர் 6-இல் மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு கிழமை. பொதுமக்கள் இருந்தால் விற்காது என்று உனக்கு எழுதியவர்கள், போலந்தில் செய்த 'திஸ் வோர் ஆஃப் மைன்' கேமையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். 2014-இல் வந்தது, முற்றுகைக்குள் அகப்பட்ட சாதாரண சனமாக மட்டும் விளையாடுவது. உலகம் முழுக்க விற்றது, 2020-இல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான பட்டியலிலேயே சேர்த்தது.

சரி, குறையும் சொல்கிறேன். உன் செல் சத்தம் பிழை. விசில் மாதிரி ஒன்று, உடனே வெடி. 1990-இல் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆமி செல் அடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, அது காதில் இன்னும் இருக்கிறது. முதலில் தூரத்தில் 'டும்' என்று குத்துகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் எண்ணுவோம், எண்ணிக்கொண்டே பங்கருக்குள் ஓடுவோம். மோட்டார் செல் மேலே போய்த்தான் கீழே வரும், அது விழ முன்னரே குத்தின சத்தம் வந்து சேர்ந்துவிடும். உன் கேமில் அந்த இடைவெளியைப் போடு. இரண்டு தரம் செத்தவன் மூன்றாம் தரம் தானாக எண்ணத் தொடங்குவான். பங்கரும் அவ்வளவு அழகாக இருக்காது. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண் நிரப்பிய உரப்பை, உள்ளே ஈரமும் தேரையும்.

அதோடு நாய். உன் ஒழுங்கைகளில் ஒரு நாயும் இல்லை. இரவில் யாராவது ஊருக்குள் நடந்தால் முதலில் சொல்வது நாய்தான். எந்த ஒழுங்கையில் குரைக்கத் தொடங்கி எந்த ஒழுங்கைக்கு வருகிறது என்று பாயில் படுத்தபடியே கணக்குப் போடுவோம். திரையின் மூலையில் எதிரியைக் காட்டும் அந்தச் சின்ன மேப்பை எடுத்துவிட்டு நாய்களை வை.

காசுக் கதை சுருக்கமாக. ஸ்டீமில் ஒரு கேமை நீயே போடுவதற்கு 100 டொலர். அதை நான் தருகிறேன், கடனாக வேண்டாம். டெமோவை முதலில் போடு, வெளியீட்டாளரைப் பிறகு பார்க்கலாம். அந்த முதல் நிறுவனத்துக்கு மட்டும் மரியாதையாகப் பதில் எழுது. இணுவில் பெடியன் இரண்டாம் முறை விளையாடியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறாய் அல்லவா, அந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பங்கர் இருந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது, அளவு காட்டுகிறேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டுவிட்டேன், உனக்காக அடுப்படியில் நின்று ஏச அவ சம்மதம். குரல் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு வா, இரவு தங்குகிற மாதிரி வா. பத்து மணிக்குப் பிறகுதான் நாய்கள் குரைக்கத் தொடங்கும்.

அன்புடன்,
மாமா
கொக்குவில்