கோபமும் இல்லை, விரக்தியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்படும் செய்திகளில் ‘எக்ஸாஸ்பரேஷன்’ (exasperation) என்ற சொல் ஒருநாள் ‘கோபம்’ ஆகிறது, மறுநாள் ‘விரக்தி’ ஆகிறது. இரண்டுமே பொருந்தாது.

கோபத்துக்கு ஒரு சம்பவம் போதும். எக்ஸாஸ்பரேஷனுக்கோ ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். அதுவரை பொறுத்துப் போனவருக்குப் பொறுமை அறுந்திருக்க வேண்டும். நாலாவது தடவையும் வாய்தா கேட்கும் வழக்கறிஞரிடம் நீதிபதி காட்டுவது இதைத்தான். விரக்தி, இனி ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டவருடையது. இங்கேயோ சூடு ஆறவில்லை, இப்போதாவது சரிசெய்யுங்களேன் என்ற எதிர்பார்ப்பும் மிச்சம் இருக்கிறது. நம்பிக்கை இழப்பைக் குறிக்கும் ‘டெஸ்பரேஷன்’ காதுக்கு ஒரே மாதிரி கேட்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். இரண்டுக்கும் வேர் வேறு.

எக்ஸாஸ்பரேஷனின் வேர் லத்தீன் ‘ஆஸ்பெர்’: சொரசொரப்பானது, கரடுமுரடானது. பட்ட இடத்திலேயே படப்பட உண்டாகும் எரிச்சல். தமிழில் இதற்கு மிக நெருங்கி வருவது ‘கடுப்பு’தான், நின்று நின்று கால் கடுக்கிறதே, அதே சொல். கொச்சை என்று செய்திப் பிரிவில் அடித்துவிடுகிறார்கள். போகட்டும், ‘சலிப்பும் எரிச்சலுமாக’ என்று எழுதலாமே. பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே கொண்டுவரும் பிடிவாதத்தை விட்டாலே பாதி சரியாகிவிடும். ‘தனது விரக்தியை வெளிப்படுத்தினார்’ எதற்கு? ‘பொறுமையிழந்து கேட்டார்’, ‘சலித்துக்கொண்டார்’ போதும்.

ஆங்கிலத்தில் இந்த உணர்ச்சிக்குக் கைகளை மேலே வீசுவார்கள். அதை அப்படியே ‘கைகளை உயர்த்தினார்’ என்றால் நம் வாசகருக்குச் சரணடைந்ததாகப் படும். ‘கையை விரித்தார்’ என்றால் உதவ மறுத்ததாகிவிடும். நம்மவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நடந்த செய்தியில் அப்படி மாற்றினால் செய்யாததைச் செய்ததாக ஆகும். அது கதை மொழிபெயர்ப்புக்கு மட்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு சொல் ‘எக்ஸாசர்பேட்’ (exacerbate). அது நிலைமையை மேலும் மோசமாக்குவது. நோய், பஞ்சம், நெரிசல் போன்றவற்றுக்கு வரும். ‘எக்ஸாஸ்பரேட்’ மனிதரைத்தான் படுத்தும். அதிலும் ‘எக்ஸாஸ்பரேட்டிங்’ என்றால் படுத்துகிறவர், ‘எக்ஸாஸ்பரேட்டட்’ என்றால் படுகிறவர். இதை மாற்றிப் போட்டால் புகார் கொடுத்தவரே தொல்லை கொடுத்தவர் ஆகிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர், மதுரை