அவசரநிலையை முடிக்கும் சாவி யார் கையில்? அமெரிக்க காங்கிரசுக்கு ஒரு திறந்த மடல்

செனட்டிலும் பிரதிநிதிகள் சபையிலும் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குடியுரிமைத் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த நூறு கேள்விகளில் ஒன்று: அரசின் ஒரு கிளை அளவுக்கு மீறி வலுத்துவிடாமல் தடுப்பது எது? அதிகாரப் பிரிவினை என்று பதில் சொல்லிப் பழகியிருந்தேன். அன்று அந்தக் கேள்வி வரவில்லை. பாஸான தெம்பில் அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படிக்கப் போனதில்தான் இந்த மடல் எழுத வேண்டியதாகிவிட்டது.

1973-ல் உங்கள் செனட் குழு ஒன்று, அதிபர்கள் அறிவித்த அவசரநிலைகளைக் கணக்கெடுத்தது. வங்கி நெருக்கடிக்காக 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்த அவசரநிலை நாற்பது ஆண்டுகளாகியும் முடிக்கப்படாமல் கிடந்தது. அதையும் சேர்த்து நான்கு அவசரநிலைகள் நடப்பில் இருந்தன. அவற்றின் பேரில் அதிபர் பயன்படுத்தக்கூடிய சட்டப் பிரிவுகள் குறைந்தது 470. பதறிப்போய் 1976-ல் தேசிய அவசரநிலைச் சட்டம் இயற்றினீர்கள். அதிபர் அறிவிக்கலாம், இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றினால் அது முடிந்துவிடும், அவர் கையெழுத்தே வேண்டாம். நல்ல ஏற்பாடுதான்.

அதைக் கவிழ்த்தது ஒரு மாணவரின் விசா வழக்கு. ஜகதீஷ் ராய் சத்தா, கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் இங்கே படிக்க வந்தவர். விசா 1972-ல் முடிந்தது. அவர் இங்கேயே இருக்கலாம் என்று குடியேற்ற நீதிபதி 1974-ல் அனுமதித்தார். ஆனால் அந்த அனுமதியை ஒரே ஒரு சபை நினைத்தாலும் ரத்து செய்யலாம் என்று சட்டத்தில் இடம் வைத்திருந்தீர்கள். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, இப்படி அனுமதி பெற்ற 340 பேர் பட்டியலிலிருந்து ஆறு பேரைப் பிரித்தெடுத்து நிராகரித்தது. சத்தா அதில் ஒருவர். தீர்மானம் அச்சடிக்கப்படவில்லை. வாக்களித்தவர்கள் கையில் அதன் பிரதி இல்லை. விவாதம் இல்லை, யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இல்லை. ஒருவர் நாட்டில் இருப்பதா போவதா என்பதை, சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல முடித்திருக்கிறீர்கள்.

உச்ச நீதிமன்றம் 1983-ல் 7-2 என்று சத்தாவின் பக்கம் நின்றது. காங்கிரஸ் எடுக்கும் சட்ட விளைவுள்ள எந்த முடிவும் இரு சபைகளையும் தாண்டி அதிபரின் மேசைக்கும் போக வேண்டும் என்றது. சத்தாவுக்கு அது நியாயமான தீர்ப்பு. ஆனால் மறுப்புத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஒயிட் எச்சரித்தபடி, ஏறக்குறைய 200 சட்டங்களில் இருந்த இதுபோன்ற ரத்து அதிகாரங்கள் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. அவசரநிலைச் சட்டமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இதுவரை பழி உங்கள் மேல் இல்லை. 1985-ல் செய்த ஒட்டுவேலைதான் என் புகார். அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்துக்கும் அதிபர் கையெழுத்திட வேண்டும் என்று மாற்றிவிட்டீர்கள். அறிவித்தவரே கையெழுத்துப் போட்டால்தான் முடியும்! அவர் மறுத்தால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

இதன் விலை 2019-ல் தெரிந்தது. எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார், நீங்கள் 137.5 கோடி கொடுத்தீர்கள். கஜானாவைத் திறப்பது காங்கிரசின் உரிமை என்று அரசமைப்பின் முதல் உறுப்பே சொல்கிறது. அவர் அவசரநிலை அறிவித்து வேறு நிதியில் கைவைத்தார். பிரதிநிதிகள் சபை 245-182, செனட் 59-41 என்று அதற்கு எதிராக வாக்களித்தீர்கள். அவருடைய சொந்தக் கட்சி செனட்டர்களில் 12 பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் கையெழுத்திட மறுத்துத் தடுப்பாணை (வீட்டோ) போட்டார். அதை முறியடிக்க பிரதிநிதிகள் சபையில் 38 வாக்கு குறைந்தது. இரு சபையிலும் பெரும்பான்மை வைத்துக்கொண்டு தோற்றீர்கள்.

நீதிமன்றம் கையைக் கட்டிவிட்டது என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் நினைவுக்கு வருகிறது. காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் முப்பது நாளில் அவசரநிலை தானாகவே காலாவதியாகட்டும் என்று 2019-ல் செனட்டர் மைக் லீ ஒரு மசோதா கொண்டுவந்தார். நீட்டிக்க விரும்பும் அதிபர்தான் உங்களிடம் வர வேண்டியிருக்கும். சத்தா தீர்ப்பில் இதற்குத் தடை எதுவும் இல்லை. மசோதா சட்டமாகவில்லை. உங்கள் கட்சிக்காரர் வெள்ளை மாளிகையில் இருக்கும்போது உங்களில் பலருக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் குறைந்துவிடுகிறது. இரு கட்சிக்கும் பொருந்தும் இது.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை, கையில் இருக்கும் சட்டத்தையாவது பாருங்கள். அவசரநிலையை முடிப்பதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சபையும் கூடிப் பரிசீலிக்க வேண்டும் என்று 1976-லேயே எழுதிவைத்தீர்கள். ஈரான் பணயக்கைதிகள் விவகாரத்தில் அதிபர் கார்ட்டர் 1979 நவம்பரில் அறிவித்த அவசரநிலை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அன்று பிறந்த குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளை எடுக்கும் வயது.

அந்த ஆறு மாதக் கூட்டம் எப்போது என்று உங்களில் ஒருவரின் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். எடுத்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார், குறித்துக்கொள்கிறேன் என்றார். சரி, அவரை நான் குறை சொல்லவில்லை. தேதியை நீங்கள் குறியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்