தம்பிக்கு, ஸ்டுட்கார்ட்டிலிருந்து

ஸ்டுட்கார்ட்,
நவம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா, அப்பா நலமறிய ஆவல். இங்கே குளிர் இறங்கிவிட்டது, ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.

சுங்குடிக்கு விலை கேட்ட ஜெர்மன் கடைகளுக்கு மெயில் போடப் போகிறாயாமே. கேட்டவர்களுக்கு மட்டும் போடு. கேட்காதவர்களுக்கு விளம்பர மெயில் அனுப்புவது இங்கே சட்டப்படி தப்பு. மொத்தமாகவும் அனுப்பாதே, ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்தால் அதுவும் வம்பு.

மதுரையில் ஒரு போனில் காரியம் முடியும். இங்கே எழுத்தில் இருப்பதுதான் பேச்சு. சப்ஜெக்டில் 'வணக்கம்', 'அவசரம்' வேண்டாம். 'மதுரை சுங்குடி 200 மீட்டர், விலை, நவம்பர் 20க்குள் பதில் தேவை' என்று இருந்தால் திறப்பார்கள். விலை, அளவு, அனுப்பும் தேதி முதல் மூன்று வரிக்குள் வரட்டும். பரம்பரைத் தொழில் என்பதெல்லாம் கீழே.

'ரெஸ்பெக்டட் சார்' போடாதே, வாங்குபவர் பெண்ணாக இருக்கலாம். குடும்பப் பெயருக்கு முன்னால் பெண்ணுக்கு 'ஃபிராவ்', ஆணுக்கு 'ஹெர்'. 'டூ த நீட்ஃபுல்' என்றால் என்ன செய்யச் சொல்கிறாய் என்றே புரியாது. 'ரிவர்ட்' நமக்குத்தான் பதில் போடுவது. அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. 03/04 என்றால் மார்ச்சா, ஏப்ரலா? மாதத்தை எழுத்தில் எழுது.

அதிகம் சொதப்புவது படங்கள்தான். ஜிமெயிலில் 25 எம்.பி. தாண்டினால் டிரைவ் லிங்காக மாறிவிடும். நீ அனுமதி கொடுக்காவிட்டால் அவர்களுக்குத் திறக்காது. ஒவ்வொரு படத்தையும் 1 எம்.பி.க்குள் சுருக்கு. முழுச் சேலையை விரித்து ஒன்று, சாயம் தோய்த்தபின் முடிச்சு அவிழ்த்த புள்ளியின் சுருக்கம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று. கையால் கட்டியதற்கு அந்தச் சுருக்கம்தான் சாட்சி, இஸ்திரி போடுவதற்கு முன்பே எடுத்துவிடு. ஃபைலுக்கு 'அரக்கு-01' என்று பெயர் வை. கேமரா போட்ட நம்பரோடு அனுப்பினால், 'மூன்றாவது படம்' என்று ஆர்டர் வந்து நிறம் மாறிப்போகும்.

முதலில் படத்தை இணை, பிறகு எழுது, முகவரியைக் கடைசியில் போடு. பாதியில் கை பட்டாலும் போகாது. அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'அன்டூ சென்ட்' 5 நொடியில் இருக்கும், செட்டிங்ஸில் 30 ஆக்கிவிடு.

மதியம் ஒன்றரைக்கு அனுப்பினால் இங்கே காலை 9 மணி. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றுவார்கள். அதன்பின் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். வெள்ளி மதியம் பல ஆபீஸில் ஆள் இருக்காது. ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழேயே கேள், புதிதாக ஆரம்பிக்காதே. தானியங்கி பதில் வந்தால் முழுக்கப் படி: எப்போது திரும்புவார், அதுவரை யாரைக் கேட்கலாம் என்று அதில் போட்டிருப்பார்கள்.

முதல் மெயிலை அனுப்புமுன் எனக்கு ஒன்று போடு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா