சனம் குறைவு என்பதற்காக நெல்லைக் கைவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாசி மாதம் எங்கள் பகுதிக் கமக்காரர் நாலு பேர் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அரசாங்கம் நெல் வாங்கும் களஞ்சியத்தை அறுவடை நேரத்திலேயே திறக்க வேண்டும், நெல் காயப்போட ஒரு சீமெந்துத் தளம் வேண்டும், இவ்வளவுதான் கேட்டோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்கட பக்கம் சனம் குறைவு அம்மா, சனம் கூடின இடத்துக்குத்தான் முதல் செய்யலாம்" என்றார். அந்தப் பதிலை என்னால் விழுங்க முடியவில்லை.

சனம் குறைவு என்பது உண்மைதான். முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றர் வரும். 2012 குடிசன மதிப்பீட்டின்போது இங்கே இருந்தவர்கள் சுமார் 92 ஆயிரம் பேர். சன அடர்த்தியில் நாட்டிலேயே கடைசி. ஆனால் ஏன் குறைந்தது என்று யாராவது கேட்கிறார்களா? ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்த வன்னிமைகள் என்ற சிற்றரசுகள் இருந்த மண் இது. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றார். அந்த இடத்துக்கு என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரலாம். பிறகு நெடுங்காலம் குளங்கள் தூர்ந்து கிடந்தன, மிஞ்சியவர்களை மலேரியா தின்றது. என்னைப் பெற்ற ஐயா அதைக் குலைப்பன் காய்ச்சல் என்றே சொல்வார். நாற்பதுகளின் கடைசியில் டி.டி.ரி (DDT) மருந்து அடித்து நுளம்பு அடங்கிய பிறகுதான் காட்டுக்குள் துணிந்து குடியேற முடிந்தது. அப்படி அறுபதுகளில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இங்கே முத்தையன்கட்டுக் குளத்தடிக்கு வந்தவர் என் ஐயா. காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் மேட்டில் கச்சானும் போட்டார். 2009இல் போரில் அதையும் விட்டு ஓடினோம். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வரம்பு எது, வயல் எது என்று தெரியாத அளவுக்குப் பற்றை.

அந்தப் பற்றையை வெட்டித்தான் இப்போது மூன்று ஏக்கர் விதைக்கிறேன். மாரி மழைக்கு விதைக்கும் காலபோகம் நம்பிப் போடலாம், கோடையில் விதைக்கும் சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது.

வெட்டு மெஷின் ஒரு நாளில் எல்லாவற்றையும் வெட்டிக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஈர நெல். அரசாங்கத்துக்கு விற்க ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கே காயப்போடுவது? தார் வீதியில்தான். காலையில் படங்கை விரித்து நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து, வெயில் ஏற ஏறக் காலால் கிளறி விட வேண்டும். பஸ் வந்தால் ஒரு பக்கம் நசியும். பொழுது படமுதல் கூட்டி அள்ளாவிட்டால் பனி இறங்கிவிடும். இரவில் மாடும் பன்றியும் வராமல் நெற்குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கிறோம், என்னைப் போல அறுபது வயது தாண்டியவர்களும்.

இதற்கிடையில் வியாபாரியின் லொறி வந்து நிற்கும். மூடைக்குள் கையை விட்டு, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, "ஈரம்" என்பார். மூடைக்கு இரண்டு கிலோ கழிவு. விலையும் அவர் சொல்வதுதான். உரக்கடன், மெஷின் கூலி எல்லாம் கழுத்தில் நிற்கும்போது எத்தனை நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல முடியும்? நான் கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் களஞ்சியத்தின் பூட்டுத் திறந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் நெல் இருந்தவர்கள் மிகச் சிலர். ஆடியில் சோற்றுக்கு அரிசி வாங்கக் கடைக்குப் போனேன். பையில் பொலன்னறுவை ஆலையின் பெயர் இருந்தது. எங்கள் நெல் அங்கே போய்க் குத்துப்பட்டு, லாபமும் அங்கேயே நின்று, அரிசி மட்டும் திரும்பி வருகிறது.

என் மூத்த மகன் கொழும்பில் கட்டட வேலை செய்கிறான். காணியில் நிற்கச் சொன்னேன். "கணக்குப் பார்த்தீங்களா அம்மா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் போனால் அடுத்த கணக்கெடுப்பில் சனம் இன்னும் குறையும். அதையே காட்டி அப்போதும் தளம் இல்லை என்பார்களா?

இந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் விதைத்தோம், எத்தனை மூடை வெளியே போனது என்று கமநல சேவை நிலையத்தில் பதிவு இருக்கும். தளமும் களஞ்சியமும் யாருக்கு என்று முடிவெடுப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும். வருகிற தை கடைசியில் எங்கள் பக்கம் வெட்டுத் தொடங்கிவிடும். தளம் உடனே கட்ட முடியாது, அது எனக்கும் விளங்கும். களஞ்சியத்தின் பூட்டையாவது அதற்கு முன் திறந்து விடுங்கள்.

இப்படிக்கு,
கமக்காரத் தாய் ஒருத்தி,
ஒட்டுசுட்டான்.