மசக்கையில் இருக்கும் என் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை நேற்று இரவு மூன்று தடவை கேட்டேன். "ஒன்பது வாரம்டி" என்று சொல்லும்போது உன் குரல் தழுதழுத்துப்போனது. போன் செய்தால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பது வாரம் என்றால் வயிற்றில் இருப்பதற்கு ஏறக்குறைய ஏழு வாரம்தான் ஆகிறது. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான் தேதி கொடுப்பார்கள், அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் ரொம்பக் குறைவு. அதனால் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்காராதே.

சோறு கொதிக்கிற வாசனையே ஆகவில்லை என்றாய். பெரும்பாலானவர்களுக்கு நாலாவது மாதத்தில் அது அடங்கிவிடும். அதுவரை தலைமாட்டில் பொரியோ ரஸ்க்கோ வைத்துக்கொள், எழுந்திருக்கும் முன்பே கொஞ்சம் வாயில் போடு. ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்து, சிறுநீரும் குறைந்துபோனால் அது வெறும் மசக்கை இல்லை, உடனே போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. பிறகு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், அதைக் காபி டீயோடு போடாதே, உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், நான் பயந்த மாதிரி பயப்படாதே.

ஸ்கேன் விஷயம் உனக்கே சொல்வார்கள், 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 20 வாரத்தை ஒட்டிக் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற பெரிய ஸ்கேன் ஒன்று. அப்புறம் கிராம செவிலியரிடம் பதிந்து பிக்மி எண், அதாவது அரசாங்கம் தருகிற கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிடு, பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

ஐந்தாம் மாதம்தான் எனக்குப் பிடித்த மாதம். வயிற்றுக்குள் மீன் திரும்பிய மாதிரி ஒரு அசைவு, வாயு என்றே ஒரு வாரம் நினைத்திருந்தேன்! தெரிந்த பிறகு, வேலையெல்லாம் போட்டுவிட்டு இடது பக்கம் படுத்துக் காத்திருப்பேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. ஒன்பதாம் மாதத்தில் எனக்குக் கால் மட்டுமில்லை, முகமும் வீங்கியது. "பிள்ளைத்தாச்சிக்கு வீங்காமலா இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு நாள் விடாத தலைவலி, கண்முன்னே பொறி பறந்தது, அப்போதும் வளைகாப்பு அலைச்சல் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் போனால் பிரஷர் 160/110, சிறுநீரில் புரதம். அன்றைக்கே மருந்து கொடுத்து வலி வரவைத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் எனக்கு வலிப்பே வந்திருக்கலாம். கால் வீக்கம் சகஜம்தான், ஆனால் அதோடு தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எது சேர்ந்தாலும் யார் என்ன சொன்னாலும் கிளம்பிவிடு. பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்பார்களே, அதையும் நம்பாதே. குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதே, அந்த ராத்திரியே போ.

சூட்டு வலியா நிஜ வலியா என்ற குழப்பம் வரும். அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார், குடித்துவிட்டுப் படு. சூட்டு வலி என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், நிஜ வலி இடைவெளி குறைந்து குறைந்து கூடிக்கொண்டே வரும். பனிக்குடம் உடைந்தால் மட்டும் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான், வண்டி இல்லை என்றால் 108.

உன் வீட்டுக்காரரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு, அந்தத் தலைவலிப் பகுதியை முக்கியமாக. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுவேன். புளிசாதம் நான்தான் கிளறுவேன், அத்தையிடம் இப்போதே சொல்லிவை.

உன் தோழி